விளையாட்டு சர்வரை மூடினால் வாங்கியவர் கையில் என்ன இருக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆன்லைன் விளையாட்டு என்றாலே நம் நாளிதழ்களில் ரம்மியும் கடனும் தற்கொலையும்தான் செய்தியாகின்றன. அதில் தவறில்லை. எங்கள் மாவட்டத்திலேயே அந்தச் சீரழிவைப் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்ததை முழு மனதோடு வரவேற்றவன் நான். ஆனால் அதே சட்டத்துக்கு இன்னொரு பாதி உண்டு. போட்டியாக நடக்கும் வீடியோ விளையாட்டான இ-ஸ்போர்ட்ஸையும் சூதில்லாத பொழுதுபோக்கு ஆட்டங்களையும் வளர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. வளர்ப்பதென்றால் அந்த ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவருக்கும் ஏதாவது பாதுகாப்பு இருக்க வேண்டுமல்லவா? அதைப் பற்றி எங்கும் ஒரு வரிகூடப் படிக்கக் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன். சி-டாட் எக்ஸ்சேஞ்சுகளைப் பராமரித்து, பிறகு பிராட்பேண்ட் பிரிவுக்கு மாறி, 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் வெளியே வந்த பல்லாயிரம் பேரில் ஒருவன். இரண்டு முனைகளை இணைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இப்போது சொல்லப் போவதும் இணைப்பு பற்றித்தான்.

என் மகள் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறாள். பேரன் அங்கேதான் பள்ளிக்குப் போகிறான். அவனிடம் டி.வி.யில் மாட்டி ஆடும் கன்சோல் இருக்கிறது. என்னிடம் ஒரு மேசைக் கணினியும் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பும். வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளைகளோடு என்ன பேசுவதென்று தெரியாமல் திண்டாடும் தாத்தா பாட்டிகள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு நான் சொல்வது புரியும். "சாப்பிட்டியா? பள்ளிக்கூடம் போனியா?" என்பதற்கு மேல் பேச்சு நகராது. எங்களுக்கு அந்தத் தடை நீங்கியது ஒரு விளையாட்டால். இருவர் சேர்ந்து மலையும் ஆறும் உள்ள நிலப்பரப்பில் ரயில் பாதை போட்டு, வண்டி ஓட்டி, சரக்கு இறக்கும் ஆட்டம் அது. நான் கணினியில் இருக்கலாம், அவன் கன்சோலில் இருக்கலாம், இருவரும் ஒரே நிலப்பரப்பில் நிற்போம். ஆடுகிறவர்கள் இதை 'கிராஸ்-பிளே' என்கிறார்கள்.

வேலையை நாங்களாகவே பிரித்துக்கொண்டோம். பாதை போடுவதற்கு நுணுக்கம் வேண்டும். வளைவு, சரிவு, பாலத்தின் கால்கள் எல்லாவற்றையும் மவுஸில் செய்வது எளிது, ஆகவே அது என் பொறுப்பு. வண்டி ஓட்டுவதற்குக் கன்சோலோடு வரும் கைக்கருவியான கன்ட்ரோலர்தான் வாகு. விரல் அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். அது அவன் பொறுப்பு. மதுரையிலிருந்து போடிக்குப் போன மீட்டர் கேஜ் பாதையைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக அது மூடப்பட்டது, வண்டி மறுபடி போடிக்கு வர 2023 ஜூன் ஆனது, அதற்குள் ஒரு தலைமுறையே ரயில் பார்க்காமல் வளர்ந்துவிட்டது என்றெல்லாம் சொன்னேன். உடனே அவன், "தாத்தா, நாம போடி லைன் போடலாம்" என்றான். போட்டோம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் மலையை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று அவனுக்குக் காட்ட, பேருந்தில் போகும்போது எடுத்த படங்களை அனுப்பினேன். தேனியில் ஒரு ஸ்டேஷன், வாரச்சந்தைக்கு ஒரு சரக்குக் கொட்டகை, ஏலக்காய் மூட்டை ஏற்ற போடியில் ஒரு நடைமேடை. தமிழில் ஊர்ப்பெயர் எழுத அந்த ஆட்டத்தில் வசதி இல்லை. அதனால் அவன் வீட்டில் ஒரு தாளில் தமிழில் எழுதிப் பழகி, அதைக் காமிராவில் காட்டினான். சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழைப் பாடமாகப் படிக்கிற பையன், 'உசிலம்பட்டி' என்று பிழையில்லாமல் எழுதியதைப் பார்த்து அவன் அம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

ஒரு நாள் மகளின் மின்னஞ்சலுக்கு அந்த நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. குறிப்பிட்ட தேதியோடு சர்வர்கள் நிறுத்தப்படும், உங்கள் ஆதரவுக்கு நன்றி. அவ்வளவுதான். அந்தத் தேதிக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஆட முடியாது என்பது மட்டுமல்ல, தனியாகத் திறந்து பார்க்கவும் முடியாது. தொடங்கும்போதே சர்வரைத் தேடி, அது இல்லையென்றதும் மூடிக்கொள்ளும்படி அதை எழுதியிருக்கிறார்கள். கணினிக்கு ஒரு பிரதி, கன்சோலுக்கு ஒரு பிரதி என இரண்டு முறை விலை கொடுத்திருந்தோம். எங்கள் போடி லைன் அவர்களுடைய சர்வரில் இருந்தது. அதை நகலெடுத்துக்கொள்ளவும் வழி வைக்கவில்லை. வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினேன். நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று பதில் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இது ஒரு நிறுவனத்தின் குணமென்றால் கடிதம் எழுதத் தேவையே இல்லை. ஒரு தொழில் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது.

கணினியும் கன்சோலும் ஒன்றாக ஆடுவது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் செய்யும் வேலையைத்தான் விளையாட்டு சர்வரும் செய்கிறது. இன்னார்தான் அழைக்கிறார் என்று சரிபார்க்கிறது. அவர் தேடும் ஆள் இணைப்பில் இருக்கிறாரா என்று பார்க்கிறது. இருவருக்கும் இடையே பாதை போட்டுக் கொடுக்கிறது. ஒருவர் செய்த அசைவை மற்றவருக்குச் சேர்க்கிறது. தூரம் இங்கே பெரிய தடை அல்ல. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, கேபிளை மட்டும் கணக்கில் எடுத்தால், போய்த் திரும்ப ஒரு விநாடியின் நூறில் மூன்று பங்குதான். நான் இங்கே ஒரு தண்டவாளத் துண்டை வைத்தால், அவன் கண்ணுக்கு அது அதே நொடியில் தெரியும். கருவிகள் வேறுவேறாக இருப்பதும் தடை அல்ல. வாக்கியத்தின் இலக்கணம்போலத் தகவல் எந்த வரிசையில் போக வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் இது ஏன் இவ்வளவு காலம் நடக்கவில்லை? காரணம் தொழில்நுட்பம் அல்ல. 2000-ஆம் ஆண்டிலேயே சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலில் 'குவேக் 3 அரீனா' ஆடியவர்கள், சாதாரண டயல்-அப் மோடம் வழியாகக் கணினிக்காரர்களோடு மோத முடிந்தது. 2002-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 11' சோனியின் பிளேஸ்டேஷன் 2 கன்சோலையும் கணினியையும் ஒரே உலகத்தில் சேர்த்தது. பிறகு வந்ததுதான் மைக்ரோசாஃப்டின் பெரிய முயற்சி. தன் எக்ஸ்பாக்ஸ் கன்சோல்காரர்கள் இணையம் வழி சேர்ந்து ஆட 2002 நவம்பரில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையைக் கணினிக்கும் நீட்டி, 2007 மே மாதம் 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், கணினியில் இருப்பவர் எக்ஸ்பாக்ஸ் 360-இல் இருப்பவரை ஆட்டத்துக்கு அழைக்கலாம். அதற்காகவே 'ஷேடோரன்' என்ற ஆட்டம் வந்தது. மவுஸ் வைத்திருப்பவர் குறி தவறாமல் சுடுவார், கன்ட்ரோலர்காரர் திணறுவார் என்பதால், கன்ட்ரோலர்காரருக்குக் குறிவைக்க உதவி கொடுத்து இரண்டு பக்கத்தையும் சமன் செய்தார்கள். நல்ல பொறியியல். என் தொழில் கண்ணால் பார்க்கும்போது அதை உருவாக்கியவர்கள்மீது மரியாதை வருகிறது.

ஆனால் அதை நடத்திய விதம் வேறு. கணினியில் இணையம் வழி ஆடுவது அதுவரை பெரும்பாலும் இலவசம். கன்சோல்காரரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் அந்த லைவ் சேவைக்கு ஆண்டுக்கு 49.99 டாலர் 'கோல்டு' சந்தா கட்ட வேண்டும் என்றார்கள். ஷேடோரனுக்கு விண்டோஸ் விஸ்டா கட்டாயம் என்றார்கள். ஆடுகிறவர்கள் ஒதுங்கினார்கள். 2008 ஜூலையில் கணினிக்காரர்களுக்குக் கட்டணத்தை நீக்கினார்கள், ஆனாலும் கிராஸ்-பிளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களோடு நின்றுபோயிற்று. ஷேடோரனை உருவாக்கிய ஃபாசா ஸ்டுடியோ அதே 2007-இல் மூடப்பட்டது. 2013 ஆகஸ்டில் சேவையின் கடையை மூடினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நாடி. ஒரு சேவை தளரும்போது, அதைச் சார்ந்து வேறு நிறுவனங்கள் விற்ற ஆட்டங்களும் சேர்ந்து தளர்கின்றன. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' என்ற, உலகெங்கும் விற்ற ஆட்டம் 2020 ஜனவரியில், கணினி ஆட்டங்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் விற்பனைக்கு இல்லாமல் போயிற்று. காரணம், அந்த ஆட்டத்தைத் திறக்க கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் சாவி எண் வேண்டும், புதிய சாவி எண்கள் கொடுக்க ஆளில்லை. சில வாரங்களில் ஆட்டம் திரும்பி வந்தது, ஆனால் பலர் சேர்ந்து ஆடும் பகுதியை வெட்டிவிட்டுத்தான் வந்தது. 'ஃபால்அவுட் 3' தனி ஒருவர் ஆடும் ஆட்டம். அதிலிருந்தே இந்தச் சேவையின் பிடியை அகற்ற 2021 வரை ஆயிற்று. ஆட்டத்தை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் வாங்கியது இரண்டு நிறுவனங்களின் நல்லெண்ணத்தில் நிற்கிறது என்று தெரிந்திருக்கும்?

அதற்கும் முன்பு, முதல் எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டது. அன்று 'ஹேலோ 2' ஆடிக்கொண்டிருந்த சிலர் கன்சோலை அணைக்கவே இல்லை. புதிதாக யாரும் நுழைய முடியாது, ஆனால் உள்ளே இருப்பவர்களின் இணைப்பு அறுபடவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுபோக, கடைசி ஆள் மே மாதம்வரை தாக்குப்பிடித்தார். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த எனக்கு இதைப் படித்ததும் நெஞ்சு கனத்தது. விளையாட்டுதானே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாரக்கணக்கில் ஒரு இயந்திரத்தை அணைக்காமல் காத்திருக்கிறார்கள் என்றால் அங்கே அவர்களுக்கு மனிதர்கள் இருந்தார்கள் என்று பொருள்.

இன்று கிராஸ்-பிளே சாதாரணமாகிவிட்டது. வெகுகாலம் மறுத்துவந்த சோனியும் 2018 செப்டம்பரில் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்துக்குக் கதவைத் திறந்தது. ஆனால் அந்தக் கதவு எந்த விதியாலும் திறந்தது அல்ல, கோடிக்கணக்கான ஆட்டக்காரர்களின் நெருக்கடியால் திறந்தது. தொலைபேசியில் அப்படி விடவில்லை. ஏர்டெல் எண்ணிலிருந்து பி.எஸ்.என்.எல். எண்ணுக்குப் பேச முடிவது அந்த நிறுவனங்களின் பெருந்தன்மையால் அல்ல. இணைத்தே ஆக வேண்டும் என்று உரிம நிபந்தனையும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளும் சொல்கின்றன. மூடுவதற்கும் விதி உண்டு. உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க விரும்பும் நிறுவனம் அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 30 நாள் அறிவிப்பும் தர வேண்டும். 2018-இல் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடு எப்படித் தவித்தது என்று வாசகர்களுக்கு நினைவிருக்கும். கடைகளின் முன் கூட்டம், கோபுரங்களில் சிக்னல் இல்லை. அப்போதும் டிராய் தலையிட்டு, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற உதவும் போர்ட்டிங் குறியீடு கிடைக்க வழி செய்தது. நிறுவனம் போனது, ஆனால் வங்கியிலும் ஆதாரிலும் உறவினர் டைரியிலும் பதிந்திருந்த எண்ணை லட்சக்கணக்கானோர் காப்பாற்றிக்கொண்டார்கள். எண் வாடிக்கையாளரோடு போகலாம் என்ற ஏற்பாடு 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்ததால்தான் அது முடிந்தது.

விளையாட்டுத் தொழிலில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. இதை நான் ஒருவன் சொல்லவில்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஓட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் ஆட்டம் மொத்தமாகப் போனது. அதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்முயற்சி என்றொரு வழி இருக்கிறது. பத்து லட்சம் கையெழுத்தும், ஏழு நாடுகளில் குறைந்தபட்ச ஆதரவும் சேர்ந்தால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலையில் அந்தப் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். பிரிட்டனிலும் லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்து, 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதம் வரை போனது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விற்றால், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இது போதாது என்பது என் கருத்து. உண்மையைச் சொல்லிவிட்டுப் பறித்தாலும் பறித்ததுதான். ஆனாலும் அங்கே பேச்சாவது தொடங்கிவிட்டது.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்வர் நடத்த மாதாமாதம் செலவு. ஆள் குறைந்த பிறகு யார் அதைச் சுமப்பது? ஆட்டத்துக்குள் வரும் கார் பெயர்களுக்கும் பாட்டுகளுக்கும் வாங்கிய உரிமம் காலாவதியாகும். சர்வர் நிரலில் மற்றவர்களுக்குச் சொந்தமான பகுதிகள் இருக்கும். தனியார் நடத்தும் சர்வரில் கெட்டது நடந்தால் பழி தங்கள் மேல் விழும் என்று ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் சொல்கிறது. இதில் கடைசி வாதத்தைத் தவிர மற்றவை எனக்குப் புரிகின்றன. என்றென்றைக்கும் சர்வர் நடத்துங்கள் என்று விவரம் தெரிந்த யாரும் கேட்கவில்லை. நாட்டின் தந்தி சேவையையே 2013 ஜூலையில் மூடினோம். துறையில் இருந்த எங்களுக்கு அது எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் மூட வேண்டிய நேரம் வந்திருந்தது. மூடுவது குற்றம் அல்ல. போகும்போது வாங்கியவரின் பொருளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதுதான் குற்றம்.

வழி இருக்கிறது என்பதற்குச் சாட்சி அந்தத் தொழிலுக்குள்ளேயே உண்டு. வெலன் ஸ்டுடியோஸ் என்ற நிறுவனம் 2021-இல் 'நாக்அவுட் சிட்டி' என்ற பந்தெறி ஆட்டத்தை வெளியிட்டது. கணினியும் கன்சோல்களும் ஒன்றாக ஆடும் ஆட்டம், எங்கள் ரயில் ஆட்டத்தின் வகைதான். கூட்டம் குறைந்ததும் 2023 ஜூனில் சர்வர்களை நிறுத்தினார்கள். ஆனால் நிறுத்தும்போது, ஆடுகிறவர்கள் தாங்களே சர்வர் வைத்து நடத்திக்கொள்ளும்படி ஒரு கணினிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் உலகப் பெருநிறுவனம் அல்ல. அவர்களால் முடிந்தது மற்றவர்களால் முடியாதா? சோனியே 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட 'கான்கார்ட்' ஆட்டம் எடுபடாமல், செப்டம்பர் 6 அன்று நிறுத்தியபோது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் பிளேஸ்டேஷன் 5-ஐயும் கணினியையும் இணைத்த ஆட்டம்தான். பழைய 'குவேக் 3'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் நிரல் ஆட்டக்காரர்கள் கையிலேயே இருந்தது, 2005-இல் மூல நிரலையும் அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் பொதுவில் வைத்துவிட்டது. சேகா தன் டிரீம்காஸ்ட் கன்சோலை 2001-இலேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் ஆர்வலர்கள் தங்கள் டிரீம்காஸ்டைக் கணினிக்காரர்களோடு இணைத்து ஆடத்தான் செய்கிறார்கள். எக்ஸ்சேஞ்சின் சாவியை ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போனால் ஊர் தானே பார்த்துக்கொள்ளும்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'நேர்மையற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை வரையறுக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடம் தரும் ஷரத்து அந்த வரையறைக்குள் வருகிறது. 'நாங்கள் விரும்பும்போது, எந்தக் காரணத்துக்காகவும் சேவையை நிறுத்தலாம்' என்று பல ஆட்டங்களின் ஒப்புதல் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சிக்கல் இங்கேதான். நேர்மையற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆட்டத்துக்காக, கடல்கடந்த நிறுவனத்தை எதிர்த்து, மாநில ஆணையத்தில் வழக்கு நடத்த எந்தப் பெற்றோர் போவார்? போக மாட்டார்கள் என்று நிறுவனங்களுக்கும் தெரியும்.

ஆகவே தனிமனிதர் வழக்கு இதற்கு வழியல்ல. அதே சட்டத்தின்கீழ் 2020-இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எல்லோருக்கும் பொருந்தும் வழிகாட்டு நெறிகளை வெளியிடலாம். 2023 நவம்பரில் இணையக் கடைகளின் ஏமாற்று வடிவமைப்புகளைப் 'டார்க் பேட்டர்ன்' என்று பட்டியலிட்டு, 13 வகைகளைத் தடுத்து நெறிகளை வெளியிட்டது. அந்த நெறிகள் அயல்நாட்டு நிறுவனமானாலும் இந்தியாவில் பொருளோ சேவையோ விற்கும் தளங்களுக்குப் பொருந்தும். சர்வரை நம்பி இயங்கும் ஆட்டங்களுக்கும் அப்படியொரு நெறியை வெளியிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், விற்கும் பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்தில், இந்த ஆட்டத்துக்கு எங்கள் சர்வர் வேண்டும், குறைந்தது இன்ன தேதிவரை அதை நடத்துவோம் என்று எழுதட்டும். அட்டைப்பெட்டியில் விற்கும் பொருளுக்கு விலையும் தயாரித்த மாதமும் அச்சிட வேண்டும் என்ற சட்டம் உள்ள நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல. மூட முடிவெடுத்துவிட்ட ஆட்டத்தைத் தொடர்ந்து விற்கக் கூடாது. கடைசி மாதங்களில் வாங்கியவருக்குப் பணம் திரும்ப வேண்டும். ஆட்டக்காரர் தன் கையால் கட்டியதை, எங்கள் போடி லைன் போன்றதை, ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ள வழி வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மூடும் நாளுக்கு முன் ஒரு கடைசி அப்டேட். ஆட்டம் சர்வரைத் தேடாமல் திறக்க வேண்டும். இரண்டு வீடுகள் தங்களுக்குள் நேரடியாக இணைந்து ஆட முடிய வேண்டும். அதில் சர்வர் நிரலின் மற்ற பகுதிகளைத் தர வேண்டியதில்லை, உலகத் தரவரிசை வேண்டாம், கடை வேண்டாம், முன்பின் தெரியாதவர்களோடு ஜோடி சேர்க்க வேண்டாம். எனக்கு என் பேரனின் முகவரி தெரியும். எங்களுக்குள் ஒரு பாதை போட்டுக்கொள்ள அனுமதி போதும். கன்சோலில் இது கொஞ்சம் கடினம்தான். கன்சோல் தயாரிப்பாளரின் சம்மதம் இல்லாமல் அதில் எதுவும் ஓடாது. அதனால் நெறி வெளியிடும்போது ஆட்டம் செய்பவரோடு கன்சோல் தயாரிப்பாளரையும் அதில் கட்ட வேண்டும். இல்லையென்றால் கணினியில் இருக்கும் தாத்தாவுக்கு வழி கிடைத்து, கன்சோலில் இருக்கும் பேரனுக்குக் கிடைக்காமல் போகும். இருவரையும் இணைக்கிறோம் என்று சொல்லித்தானே இரண்டு பேரிடமும் காசு வாங்கினார்கள்? இதை ஏற்கெனவே விற்ற ஆட்டங்களுக்குப் பின்தேதியிட்டு விதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இனி விற்கப்போவதற்கு விதித்தால், உருவாக்கும்போதே அதற்கேற்ப வடிவமைப்பார்கள். கட்டிய பிறகு படிக்கட்டு வைப்பதுதான் செலவு, வரைபடத்திலேயே வைத்தால் செலவில்லை.

ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தின்கீழ் விதிகளை எழுதுவது அதிகாரிகளின் பொறுப்பு. நம் மாநிலத்திலும் அதற்கென ஓர் ஆணையம் இருக்கிறது. சூதைத் தடுக்க அவர்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இந்தப் பக்கமும் காட்டும்படி, தங்கள் நாளிதழ் கேட்க வேண்டும். கல்லூரிகளில் இ-ஸ்போர்ட்ஸ் அணி வைத்திருக்கும் மாணவர்களும், பிள்ளைகளுக்குக் கன்சோல் வாங்கிக் கொடுத்த பெற்றோர்களும் தங்களுக்கு நேர்ந்ததை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஒரு புகார் கோப்பில் கிடக்கும், ஆயிரம் புகார் வந்தால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார் என்பதை அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நானும் பதிவு செய்திருக்கிறேன். மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு, மேலே சொன்ன கோரிக்கைகளோடு பதிவுத் தபாலில் மனுவும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் தங்களுக்கு அதன் நகலை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
தேனி.